மின்னமுரா மழைக்காட்டுக்கு 28 பேர் பிக்னிக்: கோவிலையும் சேர்த்துப் போகலாமா?

செந்தில்_பென்டில்ஹில்
எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் லாங் வீக்கெண்ட் ஞாயிற்றுக்கிழமை ஆறு குடும்பமாக, சிட்னிக்குத் தெற்கே இருக்கும் மின்னமுரா மழைக்காடு போகலாம் என்று இருக்கிறோம். மொத்தம் 28 பேர். அதில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் ஏழு பேர். காலையில் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவிலில் தரிசனம், அங்கிருந்து நேராகக் காடு. கோவில் போவதால் சைவம்தான்: வெஜ் பிரியாணி, தயிர்சாதம். டீ போட சின்ன கேஸ் அடுப்பு, ஒரு புளூடூத் ஸ்பீக்கர், பையன்களுக்கு பேட், பால். போய் வந்தவர்கள் யோசனை சொல்லுங்கள்.

காட்டுமல்லி
செந்தில், யோசனை கேட்டதால் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். மின்னமுரா பட்டரூ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. கேட்டை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், நடைபாதைக்குள் கடைசியாக விடுவது 4 மணிக்கு. லாங் வீக்கெண்டில் கோவிலில் பார்க்கிங் கிடைத்து, தரிசனம் முடித்து, கயாமா என்ற கடலோர ஊர்ப் பக்கம் போகும் கூட்டத்தில் ஊர்ந்து, 28 பேருக்கு இலை போட்டு முடிக்கும்போது மூன்றரை ஆகிவிடும். அப்புறம் என்ன காடு பார்ப்பீர்கள்? அந்த இடம் இலவாரா மலைச்சரிவின் அடியில், பள்ளத்தில் இருக்கிறது. வெயில் சீக்கிரமே இறங்கிவிடும்.

ஸ்பீக்கரை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வையுங்கள். லயர்பேர்ட் என்ற பறவை அங்கே நடைபாதை ஓரத்திலேயே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். கூக்கபரா, கிளி என்று சுற்றிலும் கேட்கும் குரலையெல்லாம் அப்படியே எடுத்துப் பாடும். பாட்டு போட்டீர்களென்றால் உங்களுக்கும் கேட்காது, பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்காது.

கொக்குவிலான்
பிள்ளை காட்டுமல்லி, நீங்கள் சொல்லுற நேரக்கணக்கு சரி. ஆனா எங்கட ஆக்கள் கூடிச் சாப்பிட்டாலே காட்டுக்குக் கேடு எண்ட மாதிரிக் கதைக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை. அது பிக்னிக் ஏரியா. மேசையும் வாங்கும் (பெஞ்சும்) போட்டு வைச்சிருக்கிறது இருந்து சாப்பிடத்தானே? தனிய பையைத் தோளில கொழுவிக்கொண்டு நடக்கிறவனுக்கு மட்டுமே காடு சொந்தம்? வயது போன சனம் பேரப்பிள்ளையளோட ஒரு மரத்தைப் பாக்கிறதெண்டா இப்பிடித்தான் பாக்க ஏலும். தம்பி செந்தில், நீர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போம்.

காட்டுமல்லி
ஐயா, சாப்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. 28 பேர் ஒரே நேரத்தில், அடுப்பு, ஸ்பீக்கர், கிரிக்கெட்டோடு வருவதைத்தான் சொல்கிறேன். அந்த மேசைகள் எத்தனை பேருக்குப் போதும்?

அங்கே மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று பாருங்கள். ஒருகாலத்தில் இலவாரா சமவெளியில் நெடுகிலும் மழைக்காடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செந்நிறக் கட்டைக்காக ரெட் சீடர் மரங்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சந்தன வேம்பு என்கிறோமே, அதே இனம்தான். பிறகு பால்மாட்டுப் பண்ணைகளுக்காக மீதியையும் அழித்தார்கள். இன்று வழியில் ஜாம்பரூ ஊரைத் தாண்டும்போது "எவ்வளவு பச்சை" என்று எல்லோரும் படம் எடுப்பது, காடு போன இடத்தில் வளர்ந்த புல்லை. அந்தப் புல் முடிந்து மலை எழும் மூலையில் தப்பிப் பிழைத்ததுதான் மின்னமுரா. எனக்கு அது சும்மா ஒரு பார்க் இல்லை ஐயா.

செந்தில்_பென்டில்ஹில்
அக்கா, நீங்கள் சொல்லும் வரலாற்றை மதிக்கிறேன். ஆனால் என் மாமனாருக்கு முழங்கால் வலி. திருநெல்வேலிக்காரர், ஒரு காலத்தில் பொதிகை மலை ஏறியவர். அவருக்கு இன்னொரு வருடம் விசா கிடைக்குமோ என்னவோ. ஒரே நேரத்தில் வேண்டாம் என்று ஆறு குடும்பமும் வெவ்வேறு நாளில் போவது எனக்குச் சுலபம் இல்லை. இந்தப் பாதை பெரியவர்களுக்குச் சரிப்படுமா, அதைச் சொல்லுங்கள்.

காட்டுமல்லி
சுற்றுப்பாதை 1.6 கிலோமீட்டர், பெரும்பகுதி பலகைப் பாதை. நடுவில் தொங்கு பாலம் உண்டு, லேசாக ஆடும். மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். முடியாதவர்கள் முதல் பகுதிவரை போய்த் திரும்பினாலே பெரிய அத்திமரங்களும் பனை மாதிரி நிற்கும் மரங்களும் பார்த்துவிடலாம். அருவிக்குப் பிரியும் பாதை செங்குத்து, மாமனாரை அங்கே கூட்டிப்போகாதீர்கள். பலத்த மழைக்குப் பின் அதை மூடிவிடுவதும் உண்டு. கிளம்பும் முன் நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்கா இணையதளத்தில் எச்சரிக்கைப் பகுதியைப் பாருங்கள். காருக்கு நாள் கட்டணம் உண்டு.

ரேவதி_நர்ஸ்
குறுக்கிடுகிறேன். உண்ணி பற்றி யாருமே பேசவில்லையே. அக்டோபர் என்றால் உண்ணிக் காலம்தான். கிழக்குக் கரையில் இருப்பது பக்கவாத உண்ணி. கடித்தால் விரலால் பிடித்து இழுக்காதீர்கள், நசுக்காதீர்கள். மருந்துக்கடையில் உண்ணியை உறையவைத்துக் கொல்லும் ஸ்பிரே கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள். உண்ணிக்கடியால் சிலருக்கு ஆடு, மாட்டு இறைச்சி ஒவ்வாமை வருகிறது. இந்தத் தொடர்பைக் கவனித்துச் சொன்னவர் சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நூனன். மட்டன் பிரியாணி இனி வாழ்நாளில் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லும் நிலை வரலாம்.

பந்து பாதையை விட்டு உள்ளே போனால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். அங்கே கொட்டும் மரம் உண்டு. இதய வடிவப் பெரிய இலை, கண்ணாடித் துகள் போன்ற நுண்முடி. தொட்டால் வலி மணிக்கணக்கில் நீடிக்கும், நாள்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அதன் நஞ்சு சிலந்தி, கூம்புநத்தை நஞ்சுகளைப் போல் வேலை செய்கிறது என்று 2020இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். கிரிக்கெட் கட்டாயம் வேண்டாம் அண்ணா.

கொக்குவிலான்
பந்து வேண்டாம் எண்டதை நானும் ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஆக்களைப் பயப்படுத்திப் போட்டு வீட்டில இருத்தாதேங்கோ. நீளக் காற்சட்டை, சப்பாத்து, பலகைப் பாதையை விட்டு இறங்காமை. இவ்வளவும் காணும்.

பிள்ளையளுக்கு இன்னொண்டும் சொல்லவேணும். மேசைக்குப் பக்கத்தில பறவையள் வரும், ஓணான் மாதிரி வாட்டர் டிராகன் வரும். சோறும் பாணும் போடக்கூடாது. ஊரில காகத்துக்குச் சோறு வைக்கிற பழக்கத்தில எங்கட அம்மாமார் தாங்களே எறிவினம். அவையளுக்கு முதலே விளங்கப்படுத்தும் தம்பி.

செந்தில்_பென்டில்ஹில்
சரி, மாற்றிய திட்டம் இது. கோவிலை மறுநாள் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டோம், விடுமுறைதானே. காலை 9 மணிக்கு கேட் திறக்கும்போதே மின்னமுரா. முதலில் நடை, மூன்று குழுவாகப் பிரிந்து. பெரியவர்கள் முதல் குழு. ஸ்பீக்கரும் அடுப்பும் கிடையாது, பிளாஸ்கில் டீ. பதினொன்றரைக்கு அங்கேயே கட்டுச்சாதம். பிறகு கயாமாவில், பாறைத் துளை வழியே கடல்நீர் பீறிட்டு எழும் பிளோஹோல் பார்த்துவிட்டு, புல்தரையில் கிரிக்கெட். பெரிய குழு என்பதால் பூங்கா அலுவலகத்துக்கும் போன் போட்டுக் கேட்கிறேன்.

காட்டுமல்லி
நேரம் இப்போது சரியாக இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டைக் கயாமாவுக்கே கொண்டுபோங்கள் என்பதுதான் என் கருத்து. லாங் வீக்கெண்டில் 28 பேர் மேசைகளைப் பிடித்துக்கொண்டால் வேறு யாருக்கும் இடமிருக்காது. காட்டில் பழத்தோடு நிறுத்துங்கள்.

கொக்குவிலான்
அதில நான் உங்களோட ஒத்துவரமாட்டன் பிள்ளை. நடந்து களைச்சு வந்த சனத்துக்குப் பசிக்கும். நீரிழிவுக்காரர் எத்தினை பேர் இருக்கினமோ. மரத்துக்குக் கீழ இருந்து சாப்பிட்டுப் போட்டு, குப்பையைத் திருப்பிக் காரில ஏத்திக்கொண்டு வரட்டும்.

செந்தில்_பென்டில்ஹில்
பெரியவர்கள் ஏழு பேருக்கும் குழந்தைகளுக்கும் அங்கே சாப்பாடு, மற்றவர்கள் கயாமா வரை பொறுத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். ரேவதி, அந்த ஸ்பிரே சாதாரண கெமிஸ்ட் கடையிலேயே கிடைக்குமா?

ரேவதி_நர்ஸ்
கிடைக்கும் அண்ணா. உண்ணிக்கு என்று சொல்லியே கேளுங்கள். மருவுக்கு விற்பதும் உண்டு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். உண்ணிக்கடி ஒவ்வாமை ஏற்கெனவே உள்ளவர் யாராவது இருந்தால் எபிபென் (ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் ஊசி) இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.