விடுபட்ட 444 மரணங்கள்: யார் பொறுப்பு?

ராயபுரத்தான்:
2020 ஜூலை 22 அன்று, சென்னையில் விடுபட்ட 444 கொரோனா மரணங்களை அரசு ஒரே நாளில் கணக்கில் சேர்த்தது. இதை நேர்மை என்பதா, மாட்டிக்கொண்டதால் வந்த திருத்தம் என்பதா? என் சித்தப்பாவின் இறப்புக் குறிப்பில் வெறும் 'மூச்சுத்திணறல்'. பாசிட்டிவ் ரிப்போர்ட் சித்தி பீரோவில், ரேஷன் கார்டோடு கிடக்கிறது.

வடசென்னை வாசகர்:
இரண்டும்தான் சார். மாநகராட்சிப் பதிவேடும் சுகாதாரத்துறைப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்று ஜூனிலேயே செய்தி வந்தது. அப்புறம்தான் குழு போட்டார்கள்.

கீழ்ப்பாக்கம் அக்கா:
தம்பி, சித்தி மனு போட்டாரா? பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால் 50,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்களே. சான்றிதழில் கொரோனா என்று இல்லாவிட்டாலும் மறுக்கக்கூடாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ராயபுரத்தான்:
வாங்கிவிட்டார் அக்கா. நான் கேட்பது காசை இல்லை; கணக்கில் விட்டது யார், ஏன் என்று ஒரு பதில்.