டிராப் கெர்ப்: அளந்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகுதான் காரை வாசலிலேயே நிறுத்தியாக வேண்டும் என்று முடிவெடுத்தோம். லண்டனில் எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் இடம் கிடைக்காது. அடுத்த தெருவில் காரை விட்டுவிட்டு, மழையில் அவரைக் கைத்தாங்கலாக நடத்தி வந்திருக்கிறேன்.

முன் தோட்டம்தான் இருக்கிறதே, கெர்ப்பை (நடைபாதையின் ஓரக்கல்லை) கார் ஏறும்படி இறக்கினால் போதும், அதுதான் டிராப் கெர்ப் என்று கவுன்சிலுக்கு விண்ணப்பித்துக் கட்டணத்தையும் கட்டினேன். அளக்க வந்தவர் டேப்பின் நுனியை வாசல் சுவரில் வைப்பார் என்று பார்த்தால், வெளியே துருத்தி நிற்கும் பே ஜன்னலின் அடியில் வைத்தார். அங்கிருந்து நடைபாதை வரை 4.62 மீட்டர். எங்கள் கவுன்சில் கேட்பது 4.8. காரின் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நின்றால் தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர் ரோட்டில் இறங்க வேண்டிவரும் என்றார். நியாயம்தான். கட்டிய பணம் மட்டும் திரும்பவில்லை.

அப்புறம் நானே டேப் வாங்கி அளந்தேன். ஜன்னல் இல்லாத பக்கம் 5.1 மீட்டர்! படம் வரைந்து மறுபடி விண்ணப்பித்தேன், அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த இடத்து நடைபாதையில் டெலிபோன் கேபிள் மூடி ஒன்று இருந்தது. கார் ஏறினால் தாங்காதாம், அதைப் பலப்படுத்தும் செலவும் நம் தலையில்தான்.

ஒன்று சொல்கிறேன், அனுமதி கைக்கு வருமுன் தோட்டத்தில் கல் பதிக்காதீர்கள். இங்கிலாந்தில் 2008 அக்டோபரிலிருந்து, முன் தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்காத தளம் போட்டு மழைநீரை ரோட்டுக்கு விடுவதென்றால் அதற்குத் தனியாகப் பிளானிங் அனுமதி, அதாவது கட்டுமான மாற்றங்களுக்கான அனுமதி, வேண்டும்.

*

இதைப் படித்த ஒருவரின் பதில்: அக்கா, எங்கள் வீடு பி ரோட்டில், அதாவது ஏ ரோடுகளுக்கு அடுத்த நிலையில் உள்ள, எண் கொண்ட சாலையில். அப்படிப்பட்ட ரோடென்றால் கெர்ப்பை இறக்கவே பிளானிங் அனுமதியும் வேண்டும். காரை உள்ளேயே திருப்பி, முன்பக்கமாக வெளியே எடுக்க இடம் காட்டச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் சைக்கிளைத் திருப்பலாம், காரை முடியாது. நிராகரித்துவிட்டார்கள். அப்பாவிடம் ப்ளூ பேட்ஜ் (ஊனமுற்றோருக்கான பார்க்கிங் அட்டை) இருந்ததால், வாசலுக்கு நேரே ரோட்டிலேயே ஊனமுற்றோர் பார்க்கிங் இடம் கேட்டோம். சில மாதங்களில் கோடு போட்டுத் தந்தார்கள். ப்ளூ பேட்ஜ் உள்ள யாரும் அங்கே நிறுத்தலாம். ஆனாலும் அநேக நாள் எங்களுக்குக் கிடைத்துவிடுகிறது.