ஸ்டேஜ் 1 ரீமேப்: பிரேக்கை மாற்றாமல் போடலாமா?

டர்போசாமி:
என் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 காருக்கு ஸ்டேஜ் 1 ரீமேப் போடப் போகிறேன். அதாவது, எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. 230 குதிரைத்திறன் 290 பக்கம் போகும் என்கிறார்கள். நண்பர்களோ முதலில் பிக் பிரேக் கிட் (பெரிய டிஸ்க்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் பெரிய காலிப்பரும்) போடு என்று உயிரை எடுக்கிறார்கள். இப்போதே அழுத்தி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கிறது. டயர் பிடியின் எல்லைக்கே பிரேக் போய்விடுகிறது. அதற்கு மேல் பிரேக் எதற்கு?

கரிமேடு_கார்த்தி:
ப்ரோ, உங்களுடையது முன்சக்கர டிரைவ். ரீமேப் போட்டாலும் முதல் இரண்டு கியரில் டயர்தான் வெட்டியாகச் சுற்றும். 0-100 பெரிதாகக் குறையாது. லாபம் எல்லாம் மணிக்கு 100-லிருந்து 200 கிலோமீட்டர் வேகத்துக்குப் போவதில்தான். பிரேக்குக்குச் சுமை ஏறுவதும் அங்கேதான். 1,500 கிலோ காருக்கு 100-ல் இருக்கும் ஆற்றல் சுமார் 5.8 லட்சம் ஜூல். 200-ல் 23 லட்சம். அதை ஆறு நொடிக்குள் கரைக்க வேண்டுமென்றால் சராசரி 400 கிலோவாட், 500 குதிரைத்திறனுக்கு மேல். ரீமேப் போட்ட எஞ்சினே அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

டர்போசாமி:
கணக்கு சரி, முடிவு தப்பு. நிறுத்துவது டயர். டயரின் பிடி 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) என்று வைத்தால் 100-லிருந்து நிற்க 40 மீட்டர், 200-லிருந்து 157 மீட்டர். ஆறு பிஸ்டன் காலிப்பர் மாட்டினாலும் அது ஒரு மீட்டர்கூடக் குறையாது.

கரிமேடு_கார்த்தி:
ஒரு தடவை நிறுத்துவதற்கு அது உண்மை. அப்படி ஒரு முறை நிறுத்தினாலே முன் டிஸ்க் ஏறக்குறைய 200 டிகிரி சூடேறிவிடும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வரும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஸ்ட்ரெயிட் முடிகிற இடத்தில், மூன்றாவது லேப்பில், டிஸ்க்கில் உரசும் பிரேக் பேட் புகைய உள்ளே வருகிற கார்களைப் பார்த்ததே இல்லையா?

பழைய_ஸ்பானர்:
தம்பிகளா, பெடல் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லையா? பேட் எரிகிறது. பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகிறதா? பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 தரத்தில் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரத்தை இழுத்த பிறகு அந்த வரம்பு 155. சென்னைக் காற்றில் நான்கு வருடம் ஆயிலே மாற்றாமல் ரீமேப் போட வருகிறவர்கள்தான் அதிகம். நல்ல ஆயில், நல்ல பேட், நல்ல டயர், கிட் அப்புறம். முன்னாடி மட்டும் பெரிய கிட் மாட்டினால் முன்-பின் பிரேக் சமநிலையும் மாறும். கம்பெனி ஏபிஎஸ்ஸை அதற்காகச் செட் செய்யவில்லை.

கரிமேடு_கார்த்தி:
அண்ணே, டிராக் பேட் ஊருக்குள் கீச்சிடும், குளிர்ந்திருக்கும்போது பிடிக்காது. அது டிஸ்க்கை இன்னும் சூடாக ஓட விடுமே தவிர, சூட்டை எங்கே கொண்டுபோய் வைக்கும்? சூட்டை வாங்குவது டிஸ்க்கின் எடை. சின்ன டிஸ்க் வெடிப்பு விடும்.

டர்போசாமி:
நான் டிராக்குக்கு எப்போதாவதுதான் போவேன். மற்றபடி காலையில் ஈசிஆர்.

கரிமேடு_கார்த்தி:
ஈசிஆரில் 200-ஆ? எக்ஸ்பிரஸ்வேயிலேயே காருக்கு 120-தான். 200-ல் கால் பெடலுக்குப் போகும் ஒரு நொடியில் வண்டி 55 மீட்டர் ஓடிவிடும். குறுக்கே வரும் நாய்க்கு எந்தக் கிட்டும் உதவாது.

பழைய_ஸ்பானர்:
அதில் நான் கார்த்தி பக்கம். ரீமேப்பை இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல், அதையும் கேட்டுக்கொள்.

டர்போசாமி:
சரி, ஆயிலும் பேடும் இந்த வாரம். ரீமேப் அதற்கப்புறம். கிட்டுக்குக் காசு கிடையாது.

கரிமேடு_கார்த்தி:
ரீமேப்புக்கு மட்டும் இருக்கிறதாக்கும்!