விவாதம்: ஓடுகிற டி60-ஐப் பிரித்து வேறு கணினி செய்யலாமா?

அல்சூர்க்காரன்:
பெங்களூரு சிக்பேட்டை ஞாயிற்றுச் சந்தையில் சென்ற மாதம் மூன்று திங்க்பேட் டி60 மடிக்கணினிகளை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். இது 2006-இல் வந்த மாதிரி. ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவை லெனோவோ 2005-இல் வாங்கிய பிறகும் மூடியில் பழைய பெயரே ஒட்டியிருந்த காலத்தைச் சேர்ந்தது. ஒன்று நன்றாக ஓடுகிறது. இரண்டாவதன் மூடியும் திரையும் நொறுங்கியுள்ளன. மூன்றாவதை எழுப்பவே முடியவில்லை. ஓடுகிற கணினியில்தான் 1400×1050 புள்ளிகள் கொண்ட 14.1 அங்குலத் திரையும், தேயாத ஏழு வரிசை விசைப்பலகையும் இருக்கின்றன. அதன் தாய்ப்பலகையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ராஸ்பெரி பை 5 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினியைப் பொருத்தி, எழுதுவதற்கும் நிரலாக்கத்துக்குமான கணினியாக மாற்ற எண்ணியிருக்கிறேன். கூடாது என்பவர்கள் காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

பழஞ்சரக்கு:
கூடாது என்பவன் நான். எழுதுவதற்குத்தான் வேண்டுமென்றால் அந்தக் கணினி இப்போதே எழுதும். கோர் 2 டுவோ செயலி இருந்தால் 64 பிட் லினக்ஸ் ஏறும். சுழலும் வட்டை எடுத்துவிட்டு, சில்லுகளில் சேமிக்கும் ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகமும் போதும். நீங்கள் கழற்றப்போவது வெறும் செயலி அன்று. மடிக்கணினியின் தாய்ப்பலகையில் தனியே ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. விசைகளைப் படிப்பது, மின்கலத்தைக் கண்காணிப்பது, விசிறியை ஓட்டுவது, மூடி மூடப்பட்டதை உணர்வது எல்லாம் அதன் பொறுப்பு. பலகை போனால் இவை அனைத்தும் போகும். ஒவ்வொன்றையும் நீங்கள் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். மேலும், ராஸ்பெரி பையில் உறக்கநிலையே கிடையாது. மூடியை மூடித் தோள்பைக்குள் வைத்து, மெட்ரோவில் இறங்கிய பின் விட்ட வரியிலிருந்து தொடரும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால், அதை முதல் நாளிலேயே இழப்பீர்கள்.

மல்டிமீட்டர்:
உறக்கநிலை பற்றி ஐயா சொல்வது உண்மை; இந்த வேலையில் இறங்குபவர்கள் கடைசியில் கண்டுபிடிக்கும் குறையும் அதுதான். ஆனால் "இப்போதே எழுதும்" என்பதோடு நான் முழுவதும் உடன்படவில்லை. டி60-இல் 4 ஜிபி நினைவகம் போட்டாலும் தாய்ப்பலகைச் சில்லுத்தொகுப்பின் வரம்பால் 3 ஜிபி அளவே பயனுக்கு வரும். உலாவியில் ஆவணம் ஒன்றும் மின்னஞ்சல் ஒன்றும் திறந்தால் அது திணறத் தொடங்கிவிடும்.

அல்சூர்க்காரருக்கு விசைப்பலகையைப் பற்றிக் கவலை வேண்டாம். டீன்சி போன்ற ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் விசைகளின் கட்டத்தைப் படித்து யுஎஸ்பி விசைப்பலகையாக மாற்றிவிடலாம். நடுவிலுள்ள, சுட்டியை நகர்த்தும் சிவப்புக் குமிழ் பழைய சுட்டிகளின் பிஎஸ்/2 மொழியில் பேசுவதால் அதையும் அதே பலகை ஏற்கும். பொறுமையைச் சோதிப்பது திரைதான். உங்களுடையது இரட்டைத் தட எல்விடிஎஸ் திரை, அதாவது படச் சைகையை இரண்டு தடங்களில் வாங்கும் பழைய மடிக்கணினித் திரை. ராஸ்பெரி பை தரும் எச்டிஎம்ஐ சைகையை அதற்கேற்ப மாற்றும் பலகை எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், ஆனால் "எத்தனை இஞ்ச்?" என்று மட்டும் கேட்டு எடுத்துக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள். திரையின் பின்னால் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் காட்டி, 1400×1050-க்கான நிரல் ஏற்றப்பட்ட பலகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பலகையில் 3.3, 5, 12 வோல்ட் என்று தேர்ந்தெடுக்க ஒரு ஜம்பர், அதாவது இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு, இருக்கும். 3.3 வோல்ட் திரைக்கு நான் அதை 5-இல் விட்டுவிட்டு மின்னிணைப்புக் கொடுத்தேன். ஒரு கணம் வெள்ளையாக மின்னியதோடு அந்தத் திரையின் கதை முடிந்தது. பின்னொளி எல்இடி அன்று, மெல்லிய குளிர்முனைக் குழல்விளக்கு. அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் இன்வெர்ட்டர் பலகை தனியே உண்டு. ஓடும்போது அதில் விரலை வைக்காதீர்கள். குழலுக்குள் பாதரசம் இருப்பதால் உடைக்கவும் கூடாது.

காயலான்கடை:
திரையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு மின்கலத்தை மறந்துவிட்டீர்களே! டி60-இன் ஆறு செல் பெட்டியில் 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல்கள் இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்ந்து, அந்த மூன்று இணைகளும் தொடராக 10.8 வோல்ட் தருகின்றன. பல ஆண்டுகள் குப்பையில் கிடந்த பெட்டியின் செல்களை மீண்டும் பயன்படுத்துவது தற்கொலை, 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லுக்கு மின்னேற்றக் கூடாது. புதிய செல்களும், மூன்று தொடர் இணைகளுக்கான பாதுகாப்புப் பலகையும், 5 வோல்ட்டுக்கு இறக்கும் மாற்றியும் வேண்டும். பை 5-க்குப் பரிந்துரைக்கப்படுவது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்பதால் மலிவான மாற்றி தாங்காது. 2600 மில்லியாம்பியர்-மணிச் செல்கள் ஆறென்றால் ஏறக்குறைய 56 வாட்-மணி. திரையும் பையும் சேர்ந்து சராசரியாகப் பத்து வாட் குடிக்கும் என்று வைத்தால், இழப்புகள் போக நான்கரை மணி நேரம் கிடைக்கலாம். அது மோசமில்லை. ஆனால் செல்களைச் சால்டரிங் அயனால் சுடாதீர்கள். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து தருபவரிடம் கொடுங்கள்.

பழஞ்சரக்கு:
உடலை வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றுவதற்கே நான் எதிரியல்லன். சீனாவின் 51 என்பி இணைய மன்றத்து ஆர்வலர்கள் எக்ஸ்60, எக்ஸ்61 என்ற திங்க்பேட் உடல்களுக்கென்று எக்ஸ்62 பலகையையும், பிறகு எக்ஸ்200 வகைக்கு எக்ஸ்210 பலகையையும் செய்தார்கள். அவை பழைய திருகுத் துளைகளிலேயே அமர்பவை. எதையும் அறுக்க வேண்டியதில்லை, வேண்டுமானால் பழைய பலகைக்குத் திரும்பலாம். நீங்கள் பை வைக்க வேண்டுமென்றால் உள்ளேயிருக்கும் மெக்னீசியச் சட்டத்தையும் நெகிழித் தூண்களையும் அறுப்பீர்கள், அறுத்தது ஒட்டாது. 1400×1050 திரை கொண்ட மடிக்கணினியை இன்று யாரும் செய்வதில்லை. அதனால்தான் ஓடுகிற கணினி என்றால் எனக்குக் கை நடுங்குகிறது. எழும்பாத மூன்றாவதை அறுங்கள். நான் வாயே திறக்க மாட்டேன்.

அல்சூர்க்காரன்:
அதன் திரை 1024×768 தான். ஒரு பக்கத்தில் நிரலும் மறுபக்கத்தில் குறிப்பும் வைக்க அந்த அகலம் போதாது.

மல்டிமீட்டர்:
அப்படியானால் திரைகளை மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல திரை புதிய கணினிக்கு வரட்டும். 1024×768 திரை ஓடுகிற டி60-க்குப் போகட்டும். ஆனால் அந்தத் திரை ஒற்றைத் தடம், உங்களுடையது இரட்டைத் தடம் என்பதால் கேபிளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றின் கேபிளை மற்றொன்றில் செருகிப் பார்த்துவிட்டுத் திரை கெட்டுவிட்டதாக முடிவுகட்டாதீர்கள்.

பழஞ்சரக்கு:
நல்ல கணினிக்கு மட்டமான கண்ணைப் பொருத்தச் சொல்கிறீர்கள். இருந்தாலும் அறுப்பதை விட இது மேல். மூன்றாவதன் அடிப்பகுதியைப் பார்த்து ஒன்று சொல்லுங்கள்: அதில் தனி வரைகலைச் சில்லு இருக்கிறதா, இன்டெல்லின் உள்ளிணைந்த வரைகலையா? தனிச் சில்லு என்றால் அதைப் பலகையோடு இணைக்கும் சால்டர் குண்டுகள் விரிசல் விட்டிருக்கக்கூடும்; அப்படியானால் பிழைப்பது கடினம்.

அல்சூர்க்காரன்:
பார்த்துவிட்டேன், இன்டெல்தான். மின்னேற்றியைச் செருகினால் பச்சை விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது.

பழஞ்சரக்கு:
அது இறந்த பலகையின் அறிகுறியாகவே இருக்க வேண்டியதில்லை. நினைவகத் தகடுகளைக் கழற்றித் துடைத்து, ஒன்றை மட்டும் ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எழும்பிவிடும் என்று நினைக்கிறேன்.

அல்சூர்க்காரன்:
எழும்பிவிட்டால் அதையும் அறுக்கக் கூடாது என்பீர்களே! பிறகு என் கணினிக்கு உடல் எங்கே?

காயலான்கடை:
மூடி நொறுங்கிய இரண்டாவதை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதன் அடிப்பாகம் நன்றாக இருக்கிறதா?

அல்சூர்க்காரன்:
நன்றாகவே இருக்கிறது. வலப்பக்கக் கீல் மட்டும் தளர்ந்திருக்கிறது. ஆனால் அதுவும் வெளித்திரையில் இணைத்தால் ஓடுகிறது என்பதைப் பழஞ்சரக்கு ஐயாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.