நெட் இல்லாமல் இரண்டு லேப்டாப்பில் செஸ் ஆட வழி உண்டா?

வியாசை_டியூஷன்:
வியாசர்பாடியில் மாலை டியூஷன் எடுக்கிறேன். இரண்டு பழைய லேப்டாப்: ஒன்றில் உபுண்டு லினக்ஸ், மற்றதில் விண்டோஸ் 10. பிள்ளைகள் லிசெஸ் என்ற இணைய செஸ் தளத்தில் லிங்க் அனுப்பி ஆடுவார்கள். நெட் போனால் ஆட்டமும் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே வைஃபைதானே? உபுண்டுவிலிருந்து விண்டோஸை பிங் செய்து (இணைப்பு இருக்கிறதா என்று சோதித்து) பார்த்தாலும் பதில் இல்லை.

காசிமேடு_குதிரை:
ஒரே அறைதானே, போர்டை விரித்து ஆட வேண்டியதுதானே! லிசெஸ் ஆப்பில் செஸ் கடிகாரம் கூட இருக்கிறது, அதற்கு நெட் வேண்டாம்.

வியாசை_டியூஷன்:
போர்டிலும் ஆடுகிறார்கள் அண்ணா. ஆட்டத்தைச் சேமித்து வைத்து, எங்கே தவறு செய்தார்கள் என்று அப்புறம் காட்ட வேண்டும்.

பெரம்பூர்_லினக்ஸ்:
ஒரே ரூட்டராக இருந்தாலும், ஒவ்வொரு நகர்த்தலும் லிசெஸ் சர்வருக்குப் போய்த்தான் பக்கத்து லேப்டாப்புக்கு வரும். நெட் இல்லாமல் ஆட, சர்வர் உங்கள் அறையிலேயே இருக்க வேண்டும். லிசெஸ் நிரல் திறந்த மூலம்தான், ஆனால் பழைய லேப்டாப்பில் நிறுவுவது வீண் வேலை.

உபுண்டுவில் லாஸ்கர் என்ற சின்ன சர்வரை ஏற்றுங்கள். எஃப்ஐசிஎஸ் என்ற இலவச செஸ் சர்வரின் நிரலிலிருந்து வந்தது அது. அதற்கு முன் இருந்த செஸ் சர்வர் 1995-ல் கட்டணச் சேவையானபோது, அதை ஏற்காதவர்கள் தொடங்கியதுதான் எஃப்ஐசிஎஸ். எல்லாம் வெறும் எழுத்தாகவே போய்வரும், பழைய மெஷினே தாங்கும். திரையில் செஸ் பலகை காட்டும் நிரல்களாக உபுண்டுவில் எக்ஸ்போர்டு (XBoard), விண்டோஸில் வின்போர்டு (WinBoard) போட்டு, சர்வர் முகவரியாக உபுண்டுவின் ஐபியை (நெட்வொர்க் எண்ணை) கொடுங்கள். போர்ட் (port) எண் 5000. ஆட்டங்கள், நகர்த்தல்களை எழுத்தாக வைக்கும் பிஜிஎன் கோப்பாகத் தானே சேமிக்கும்படி அமைக்கலாம்.

பிங் பற்றிக் கவலை வேண்டாம், விண்டோஸின் காவல் நிரலான ஃபயர்வால், வெளியிலிருந்து வரும் பிங்கை வழக்கமாகவே தடுக்கும். ஆட்டத்தில் விண்டோஸ்தான் உபுண்டுவைத் தேடிப் போகப்போகிறது, அதனால் அது தடையில்லை. அப்படியும் இணையவில்லை என்றால் கெஸ்ட் வைஃபையா (விருந்தினருக்கான தனி இணைப்பா) என்று பாருங்கள். அதில் மெஷின்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது.

திருவொற்றியூர்_யானை:
வெளியூர்ப் பிள்ளைகளோடு ஆட லிசெஸ்ஸிலேயே ஒரு நகர்த்தலுக்கு இத்தனை நாள் என்று வைக்கலாம். 14 நாள் வரை கிடைக்கும், நடுவில் நெட் போனாலும் பரவாயில்லை.

வியாசை_டியூஷன்:
கெஸ்ட் வைஃபைதான்! மாற்றியதும் வின்போர்டு இணைந்துவிட்டது. ஆனால் ரூட்டரை அணைத்துப் போட்டால் உபுண்டுவின் ஐபி மாறிவிடுகிறதே?

பெரம்பூர்_லினக்ஸ்:
ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்று இருக்கும். உபுண்டு லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (அதன் வைஃபை கருவியின் அடையாள எண்ணுக்கு) ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள், அப்புறம் மாறாது.