15 வயதுப் பிள்ளைகளுக்கு எந்த நாவலைக் கொடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். ஞாயிறுதோறும் 15, 16 வயதுப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து புத்தகம் வாசிக்கிறேன். பையன்களும் உண்டு. அடுத்து, பாலியல் வன்முறையைப் பேசும் ஒரு இளையோர் நாவலை எடுக்க நினைக்கிறோம்.

என் மனதில் இருப்பது லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 1999இல் வந்த 'ஸ்பீக்'. உயர்நிலைப் பள்ளியில் சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையில், ஒரு விருந்தில் மெலிண்டா வன்கொடுமைக்கு ஆளாகிறாள். போலீசுக்கு போன் செய்கிறாள், ஆனால் நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. விருந்தைக் கெடுத்தவள் என்று பள்ளியே அவளை ஒதுக்குகிறது. நாவலின் பெரும்பகுதி அதற்குப் பிறகான மௌனம்தான். உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள், துப்புரவுப் பணியாளரின் பழைய அறையில் ஒளிந்துகொள்கிறாள், ஓவிய வகுப்பில் ஒரு மரத்தை வரைய முடியாமல் திணறுகிறாள். சம்பவத்தையே விலாவாரியாகக் காட்டும் கதைகளும், காதலன் வந்ததும் காயம் ஆறிவிடும் கதைகளும் எனக்கு ஒப்பவில்லை. இது அப்படியில்லை.

சரி, என் கேள்விகள். இதைப் பையன்களும் இருக்கும் குழுவில் வாசித்தவர்கள் இருக்கிறீர்களா? எமிலி கேரல் படம் வரைந்து 2018இல் வந்த இதன் கிராஃபிக் நாவல் (படக்கதை) வடிவம் இந்த வயதுக்குப் பொருந்துமா? முக்கியமாக, எங்கள் குழுவிலேயே இப்படி ஒன்றைக் கடந்து வந்த பிள்ளை இருந்தால், அவளோ அவனோ சங்கடமில்லாமல் விலகிக்கொள்ள எப்படி வழி வைப்பது? அப்புறம், தமிழில் இதே கவனத்தோடு எழுதப்பட்ட இளையோர் கதை ஏதாவது தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.