30 லட்சம் புள்ளிகளை சர்வரிலேயே கிளஸ்டர் செய்ய எது நல்ல வழி?

நீலவண்டு:
போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (இடத் தகவலைக் கையாள போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேர்க்கும் நீட்சி) 30 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன, பக்கத்துப் புள்ளிகளை ஒரே வட்டமாகச் சேர்த்து மேப்பில் காட்ட வேண்டும். மொத்தத்தையும் பிரவுசருக்கு அனுப்பினால் டேப் உறைந்துவிடுகிறது, அதனால் திரையில் தெரியும் பகுதிக்கு மட்டும் சர்வரில் கே-மீன்ஸ் (புள்ளிகளைச் சொன்ன எண்ணிக்கையில் குழுக்களாகப் பிரிக்கும் முறை) ஓட்டிப் பார்த்தேன். மெதுவாக வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மேப்பைக் கொஞ்சம் நகர்த்தினாலே எல்லா வட்டங்களும் இடம் மாறிக் குதிக்கின்றன. நெருக்கத்தை வைத்துக் குழு சேர்க்கும் டிபிஸ்கேன் தேவலையா?

புள்ளிமான்:
வேண்டாம். அது பக்கத்துப் புள்ளி, அதற்குப் பக்கத்துப் புள்ளி என்று தொற்றிக்கொண்டே போய் நெரிசலான ஒரு நகரத்தையே ஒரே கிளஸ்டராக்கிவிடும். கே-மீன்ஸ் குதிப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நகர்வுக்கும் நீங்கள் கொடுக்கும் புள்ளிகளே வேறு என்பதுதான்.

பேசாமல் கட்டம் போடுங்கள். ஆனால் கட்டத்தின் தொடக்கம் திரையின் மூலையாக இருக்கக்கூடாது, உலகத்துக்கே ஒரே கட்டமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நகர்த்தினால் எதுவும் குதிக்காது. ஆயங்களை 3857-இல் (வெப் மேப்புகள் பயன்படுத்தும், மீட்டரில் அளக்கும் ஆய முறை) வைத்துக்கொள்ளுங்கள், டிகிரியில் கட்டம் போட்டால் துருவப் பக்கம் போகப்போகத் திரையில் செங்குத்தாக நீண்டு தெரியும். ஜூம் 0-வில் ஒரு பிக்சல் சுமார் 1,56,543 மீட்டர், ஒவ்வொரு ஜூமுக்கும் அதில் பாதி. ஜூம் 10-இல் 153 மீட்டர் வரும், 64 பிக்சல் கட்டம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 9.8 கிலோமீட்டர். புள்ளிகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் எஸ்டி_ஸ்நாப்டூகிரிட் போட்டு, கட்டம் வாரியாக குரூப் பை செய்தால் முடிந்தது. வட்டத்தைக் கட்டத்தின் நடுவில் வைக்காமல் புள்ளிகளின் சராசரி இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் மேப் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும்.

சும்மாஒருவன்:
கட்டத்தில் ஒரு தொல்லை உண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வட்டங்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அது கண்ணை உறுத்தினால் சூப்பர்கிளஸ்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை சர்வரில் நோட்.ஜேஎஸ்ஸில் ஓட்டுங்கள், உயர்ந்த ஜூமிலிருந்து ஆரம்பித்து ஆரத்தை வைத்துப் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டு வரும். ஒரு புள்ளி மாறினாலும் இன்டெக்ஸை முழுதாகத் திரும்பக் கட்ட வேண்டும், அதுதான் சிக்கல்.

நீலவண்டு:
புள்ளிகள் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கும், அதனால் கட்டமே. ஆனால் ஜூம் 3, 4-இல் இன்னும் இழுக்கிறது. வகை வாரியாக ஃபில்டர் வேறு இருக்கிறது.

புள்ளிமான்:
இழுக்கத்தான் செய்யும். கிட்டே போனால் ஜிஸ்ட் இன்டெக்ஸ் (இடத்தை வைத்துத் தேட உதவும் இன்டெக்ஸ்) கொஞ்சம் வரிசைகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும், தள்ளி வந்தால் எல்லா வரிசையையும் படித்தாக வேண்டும், இன்டெக்ஸால் ஒரு பயனும் இல்லை. ஜூம் 10 வரைக்கும் ஒரு தனி டேபிளில் முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள்: ஜூம், கட்ட எண், வகை, எண்ணிக்கை, எக்ஸ் கூட்டுத்தொகை, ஒய் கூட்டுத்தொகை. சராசரியைச் சேமிக்காதீர்கள். கூட்டுத்தொகை இருந்தால், கேட்ட வகைகளை அப்படியே கூட்டி, கடைசியில் வகுத்துக்கொள்ளலாம். புதிதாக ஒரு புள்ளி வந்தாலும் ஜூமுக்கு ஒரு வரிசை, ஆக 11 வரிசைகளைத் திருத்தினால் போதும். விலை, தேதி மாதிரி எந்த மதிப்பும் வரக்கூடிய ஃபில்டருக்கு இது சரிப்படாது, அதை நேரடியாகத்தான் கேட்க வேண்டும்.

சும்மாஒருவன்:
அப்புறம், ஒரே கட்டிடத்தில் நூறு புள்ளிகள் இருந்தால் எவ்வளவு ஜூம் செய்தாலும் அந்த வட்டம் பிரியாது. ஒவ்வொரு கிளஸ்டரோடும் குறைந்தபட்ச, அதிகபட்ச எக்ஸ், ஒய்யையும் அனுப்புங்கள். கிளிக் செய்தால் அந்த எல்லைக்கு ஜூம் ஆகட்டும், இரண்டும் ஒன்றாகவே இருந்தால் ஜூம் செய்யாமல் பட்டியலைத் திறந்துவிடுங்கள்.